துருவத் துருவத் துரு

இங்கிலாந்தில் 1950களிலும் 1960களிலும் பெருவாரியாகச் செய்யப்பட்டவையும், இருவர் மட்டுமே அமரத்தக்கவையும், நிலையான கூரை இல்லாமல் தரையை ஒட்டித் தாழ்ந்து ஓடுபவையுமான சிறு வண்டிகளே இக்கட்டுரையில் ஸ்போர்ட்ஸ் கார் என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றன. மழைக்குப் பெயர்போன ஒரு நாட்டில் கூரையில்லாத வண்டியைச் செய்து விற்கத் துணிந்தவர்களின் நெஞ்சுரம் தனி ஆய்வுக்கு உரியது. அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதியை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்பது அந்நெஞ்சுரத்துக்கு ஓரளவு விளக்கமாக அமையும். இவ்வகை வண்டிகளுள் புனரமைப்பாளரின் கைக்கு மிகுதியாக அகப்படுவது எம்ஜிபி. எம்ஜி என்ற இரண்டெழுத்தைக் கண்டவுடன் மூன்றாவது எழுத்தைத் தாமே சேர்த்துக்கொள்வது தமிழ் வாசகரின் இயல்பாயினும், இங்கு அவ்வெழுத்துகள் ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய மோரிஸ் கராஜஸ் என்ற நிறுவனத்தை மட்டுமே சுட்டும். ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை இவ்வண்டி ஐந்து இலட்சத்துக்கும் மேல் உருவாக்கப்பட்டது. அவற்றுள் எஞ்சியவை இருவகைப்படும்: புனரமைக்கப்பட்டவை, புனரமைக்கப்படப் போவதாகச் சொல்லப்படுபவை. இரண்டாம் வகை பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையில், அட்டைப்பெட்டிகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் அடியில் வாழ்கிறது.

இத்தகைய வண்டியை விற்போர் விளம்பரங்களில் வழங்கும் மரபுத்தொடர்களுள் முதன்மையானது, நிறுத்திவைத்தபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பது. இறப்பதற்கு முந்தைய கணம் வரை உயிரோடு இருந்தார் என்பதைப்போல இதுவும் மறுக்கவொண்ணாத கூற்றே. அது ஏன் நிறுத்தப்பட்டது, நிறுத்தி எத்தனை பத்தாண்டுகள் ஆயின என்ற வினாக்களை வாங்குபவர் எழுப்புவதில்லை. அவர் அவ்வேளையில் வண்டியின் முன்விளக்குகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார், அவையும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் வீட்டுச் சுவரின் ஈரத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

துரு பிடித்த வண்டி என்று தமிழில் சொல்லும்போது எழுவாய் எது என்ற ஐயத்துக்கு இடமே இல்லை. பிடித்தது துரு, பிடிபட்டது வண்டி. துரு என்ற பெயர்ச்சொல்லுக்கும் துருவு என்ற வினைச்சொல்லுக்கும் உள்ள உறவு இலக்கணத்தார் ஆராயவேண்டிய ஒன்றாயினும், ஒரு ஸ்குரூடிரைவரைக் கையிலேந்தி எம்ஜிபியின் அடியில் படுத்த எவருக்கும் அவ்வுறவு உடனே விளங்கிவிடும். தேங்காய் துருவுவோர் ஓட்டை எட்டியதும் நிறுத்திவிடுவர். இங்கே துருவிக்கொண்டே போனால் எட்டுவதற்கு ஓடு இல்லை, மறுபக்கத்து வெளிச்சம்தான் தெரியும். குளிர்காலத்தில் பனி உறையாதிருக்க பிரிட்டிஷ் சாலைகளில் தூவப்படும் உப்பு, சேற்றோடு கலந்து முன்சக்கரத்தால் மேலே வீசப்பட்டு, மட்கார்டின் உட்புறத்தில் பின்பக்கமாகத் தங்கிவிடுகிறது. மண்ணைத் தடுப்பதற்காக அப்பெயர் பெற்ற அவ்வுறுப்பு, நடைமுறையில் மண்ணைப் பத்திரமாகக் காத்து, ஈரம் உலராமல் பேணி, தகட்டுக்குப் பந்தி வைக்கிறது.

இதன் விளைவு ஏன் இவ்வளவு கொடியது என்பதை உணர வண்டியின் கட்டமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பழைய முறையில் இரும்பாலான அடிச்சட்டம் தனியாகவும் அதன்மேல் வைக்கும் உடல் தனியாகவும் இருந்தன. எம்ஜிபியிலோ தனிச் சட்டம் கிடையாது, மடித்து ஒட்டிய தகடுகளே எலும்பும் தோலுமாகச் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. மேலே கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஓடும் பெட்டி வடிவான தகட்டு விட்டமே முதுகெலும்பின் வேலையைச் செய்கிறது. வாசற்படி என்று பொருள்படும் சில் என்ற சொல்லால் ஆங்கிலேயர் குறிக்கும் இவ்விட்டத்தில்தான் மேற்சொன்ன உப்புச்சேறு குடியேறுகிறது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் மற்றொரு ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சட்டம் உண்டு. அது ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. அதே ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்யப்பட்டதால், வீட்டு வாசலில் அதனை நிறுத்தியிருந்த சென்னைக் குடும்பங்கள் ஸ்பிட்ஃபயருக்கு ஒருவகையில் சம்பந்தி முறை ஆகின்றன.

முந்தைய உரிமையாளர் என்பவர் புனரமைப்பு இலக்கியத்தில் நிலைத்த பாத்திரம். புராணங்களில் அசுரனுக்கு உள்ள இடம் இங்கு அவருக்கு உண்டு. தகடு அரித்துப்போன இடத்தில் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்து விற்றவர் அவரே. பட்டி என்பது மேடுபள்ளத்தைச் சமன்செய்யப் பூசும் பசை. ஒரு மில்லிமீட்டர் பள்ளத்துக்கு உரிய அப்பசையை அவர் ஒரு முழு விட்டத்துக்கு மாற்றாகவே வார்த்திருப்பார். அதைச் சுரண்டி எடுக்கும்போது வெளிப்படும் செய்தித்தாளின் தேதி, தொல்லியலில் காசு கிடைத்ததற்கு ஒப்பாகப் போற்றப்படுகிறது. இன்றைய உரிமையாளரும் ஒருநாள் முந்தைய உரிமையாளராவார் என்ற உண்மையை இத்துறை அறிஞர்கள் கண்டுகொள்வதில்லை.

அரித்த விட்டத்தை வெட்டி எடுப்பதில் தவிர்க்கவொண்ணாத ஒரு விதி உண்டு. வெட்டுவதற்கு முன்பு கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துத் தாங்கலிட வேண்டும். இல்லையேல் முதுகெலும்பு நீங்கிய உடல் நடுவில் தொய்ந்து, கதவுத் திறப்பு சில மில்லிமீட்டர் குறுகிவிடும். இவ்விதியை அறிந்தவர் இருசாரார்: நூலில் படித்து அறிந்தோர், கதவு சாத்தாமல் போனபின் அறிந்தோர். இரண்டாம் சாரார் அறிவு ஆழமானது. அவர்கள் புத்தம்புது விட்டத்தை அழகுற ஒட்டி முடித்து, கதவைப் பொருத்தி, அது திறப்பைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு, முதலில் கதவைச் சந்தேகித்து, பின்னர் கீலைச் சந்தேகித்து, இறுதியில் தரை மட்டமாக இல்லை என்று முடிவுகட்டுவர்.

தகடு இவ்வாறென்றால் மரையின் கதை வேறு. போல்ட்டின் மேல் சுற்றிச்செல்லும் புரிக்கு மரை என்று பெயர். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841இல் அதற்கு 55 பாகைக் கோணம் வகுத்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார், 1948இல் அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் கூடி 60 பாகை என்று வேறோர் ஒழுங்கை ஏற்றன. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த எண் போல்ட்டுத் தலையின் அகலத்தைக் குறிப்பதன்று, அதன் தண்டின் விட்டத்தைக் குறிப்பது; ஆகவே கண்ணால் அளந்து ஸ்பேனர் எடுப்பவர் ஒருபோதும் சரியானதை எடுப்பதில்லை. இதனினும் வியப்பானது, எம்ஜிபிக்கு மூத்த எம்ஜி டிசியின் எஞ்சின். கோவன்ட்ரியில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனம் நடத்திய தொழிற்சாலையை மோரிஸ் வாங்கியபோது மெட்ரிக் அளவில் மரை வெட்டும் இயந்திரங்களும் சேர்ந்து வந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல் தண்டில் மெட்ரிக் மரையும், மெக்கானிக்குகளிடம் இருக்கும் ஸ்பேனருக்குப் பொருந்தும்படி தலையில் விட்வொர்த் அளவும் வைத்தார்கள். பிரெஞ்சு உடலும் ஆங்கிலத் தலையும் கொண்ட இப்போல்ட்டுகளைக் கடையில் கேட்டு நின்றவரைப் பார்த்து, மரை கழன்றவர் என்று கடைக்காரர் எண்ணினால் அது சொல்லளவிலும் பொருளளவிலும் பொருந்தும்.

கழற்றிய வண்டியைத் திரும்பப் பூட்டுவதற்குக் கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும் என்பது பழுதுபார்ப்பு நூல்கள் வழக்கமாகத் தரும் அறிவுரை. இவ்வகை நூல்களுக்கே மறுபெயராகிவிட்ட ஜான் ஹெய்ன்ஸின் வரிசையில் முதலாவது, 1966இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்காகவே வெளிவந்தது. அரைத்த மாவை அரிசியாக்க வேண்டுமானால் உரலை எதிர்ப்பக்கம் சுற்றுக என்று கூறுவதற்கும் இவ்வறிவுரைக்கும் வேறுபாடு குறைவு. சக்கரவியூகத்துக்குள் புகத் தெரிந்து வெளிவரத் தெரியாத அபிமன்யுவின் நிலையே புனரமைப்பாளரின் நிலை. ஒரு வேறுபாடு, அபிமன்யுவிடம் இறுதியில் எட்டு வாஷர்களும் ஒரு ஸ்பிரிங்கும் மிஞ்சவில்லை.

மின்சாரப் பகுதியைச் சுருக்கமாகக் கடப்பது நன்று. இவ்வண்டிகளின் மின்கருவிகளில் பொறித்திருக்கும் பர்மிங்ஹாமின் ஜோசப் லூகாஸ் பெயரை இருளின் இளவரசர் என்று கேலிசெய்வது அந்நாட்டு வழக்கம். ஆயினும் ஐம்பது ஆண்டு நனைந்த கம்பி முனைகளில் படிந்த பச்சைக் களிம்புக்கு அவரைப் பொறுப்பாக்குவது நீதியன்று. பெட்ரோலை ஏற்றும் மின்பம்பு டிக் டிக் என்று ஒலித்தால் நலம், ஒலிக்காவிட்டால் பின்சக்கரத்தருகே சென்று ஸ்பேனரின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் மீண்டும் ஒலிக்கும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழிக்கு இயந்திரவியலில் இதனினும் நல்ல சான்று கிடையாது. இரட்டைக் கார்புரேட்டர்களைச் சமன்செய்வது இன்னும் நுட்பமானது: ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறிமாறி வைத்து, காற்று உறிஞ்சும் சீறல் இரண்டிலும் ஒரே சுருதியில் இருக்கும்வரை திருகவேண்டும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவருக்குக் கச்சேரி என்று ஒன்று பின்னால் உண்டு என்ற ஆறுதலாவது இருக்கும்.

எண்ணெய் ஒழுகுவதைக் குறையாகக் கூறுவோருக்கு ஒரு விளக்கம். 1964 வரை எம்ஜிபியில் இருந்த எஞ்சினில், சுழல்தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் வளையம் கிடையாது. தண்டில் வெட்டிய சுருள்பள்ளம் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும், நின்றால் அதுவும் ஓய்வெடுக்கும். ஆகவே நிறுத்திய இடத்தில் விழும் சொட்டு, வடிவமைப்பின் ஒரு பகுதி. சொட்டு விழாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே எண்ணெய் தீர்ந்திருக்கும்.

1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம், எம்ஜிபியின் பழைய தகட்டு அச்சுகளைத் தேடித் திரட்டி, முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. இதனால் ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது. உடல் புதிது, எஞ்சின் வேறொரு வண்டியினுடையது, இருக்கையும் கம்பிகளும் கடையில் வாங்கியவை. எனில் புனரமைக்கப்பட்டது எது? மிலிந்தன் என்ற அரசனிடம், சக்கரம்தான் தேரா, அச்சுதான் தேரா, நுகம்தான் தேரா என்று நாகசேனர் என்ற பௌத்தத் துறவி வினவியதாகப் பாலி நூல் கூறும். அரசனால் எதையும் தேர் என்று சுட்ட இயலவில்லை. இதே வினா 1990இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கே வந்தது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929இலும் 1930இலும் வென்ற பென்ட்லி வண்டி, ஓல்ட் நம்பர் ஒன் என்ற பெயருடன் ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசப்பட்டபோது, வென்ற வண்டியின் உறுப்புகள் அதில் மிகச்சிலவே உள்ளன என்று வாங்க இருந்தவர் பின்வாங்கினார். பந்தயங்களின் ஊடே உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறினாலும் வண்டியின் வரலாறு அறுபடவில்லை, ஆகவே அப்பெயர் அதற்கே உரியது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். நாகசேனர் விட்ட இடத்திலிருந்து வழக்கு இவ்வாறு முடித்துவைக்கப்பட்டதில் கொட்டகைகளில் பெருமகிழ்ச்சி நிலவியிருக்கும் என ஊகிக்கலாம்.

பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்து, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையிலிருந்து 2018 முதல் விலக்கு உண்டு. புனரமைத்து முடித்த வண்டியோ பெரும்பாலும் அச்சோதனைக்கு அஞ்சுவதில்லை, மழைக்குத்தான் அஞ்சுகிறது. அது சாலைக்கு வரும் நாள்கள் ஆண்டில் சிலவே. அவ்வாறான ஒரு வெயில் நாளில் அபிங்டன் பக்கம் செல்லும் தமிழ் வாசகரை யாரேனும் அன்போடு எம்ஜிபியில் ஏற்றிக்கொண்டால், எண்ணெய்ச் சொட்டைப் பற்றியும் செலவைப் பற்றியும் எதுவும் கேட்கவேண்டாம். இறங்கும்போது கதவை மட்டும் மெல்லச் சாத்துக.