தனுஷ்கோடிக் கள்ளுப் புராணம்

ராமேஸ்வரம் பக்கத்துக் கதைகளில் மது சம்பந்தமான முதல் புகாரைக் கொடுத்தவர் ததிமுகன். கிஷ்கிந்தையில் மதுவனம் என்று ஒரு தோட்டம். சொந்தக்காரன் சுக்ரீவன், காவல் அவனுடைய தாய்மாமன் ததிமுகன். இலங்கையில் சீதையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுமனும், இக்கரையிலேயே காத்துக்கிடந்த அங்கதன் கூட்டமும் ராமனிடம் சேதி சொல்லப் போகிற வழியில் இந்தத் தோட்டம் கண்ணில் பட்டது. சேதி கொஞ்சம் பொறுக்கும், தொண்டை பொறுக்குமா? உள்ளே புகுந்தார்கள். குடித்தார்கள், ஆடினார்கள், பாடினார்கள், சிலர் மரத்தடியிலேயே மல்லாந்தார்கள். தடுக்க வந்த பெரியவரை அங்கதன் புரட்டி எடுத்துவிட்டான்.

ததிமுகன் அழாத குறையாக மருமகனிடம் போய் நின்றார். சுக்ரீவனுக்கோ ஒரே சந்தோஷம். பயல்கள் இவ்வளவு துணிச்சலாக ஆட்டம் போடுகிறார்கள் என்றால் போன காரியம் பழம் என்று அந்த நொடியே கணக்குப் போட்டுவிட்டான். புகார் தள்ளுபடி. வால்மீகி இதைச் சுந்தர காண்டத்தில் ஆற அமர எழுதியிருக்கிறார். நம் உபன்யாசகர்கள்தான் ‘தேன், தேன்’ என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பாலம் கட்ட வந்த படையும் இவர்கள்தான். மதுவிலக்கு அமலில் இருந்திருந்தால் சேது இருந்திருக்குமா என்று யாரும் ஆராயவில்லை. போர் முடிந்ததும் ராமன் வில்லின் நுனியால் பாலத்தை உடைத்த இடம்தான் தனுஷ்கோடி என்பது ஐதீகம். அன்றிலிருந்து அக்கரைச் சரக்கு அக்கரையிலும் இக்கரைச் சரக்கு இக்கரையிலும்.

சங்க காலத்தில் நம் ஆட்கள் வெளிநாட்டுச் சரக்குக்கே போய்விட்டார்கள். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடித்ததாக நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். ராமநாதபுரம் பக்கம் வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமக் காசுகளும் அந்நாட்டுப் பானை ஓடுகளும் கிடைத்தன. அவ்வளவு தூரம் கடலில் குலுங்கி வந்த திராட்சைச் சாறு என்ன ருசியில் இருந்திருக்கும் என்பதை நக்கீரர் சொல்லவில்லை. ராஜா வாங்கிக் கொடுக்கும்போது புலவர் குறை சொல்வாரா?

ஊர் ஜனங்களுக்குக் கப்பல் தேவைப்படவில்லை, பனை இருந்தது. பனையேறி பாளையை இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்துவார். பிறகு தினமும் ஏறி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவிக் கலயத்தை மாட்டுவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான். ஈஸ்ட் மரத்தின் மேலேயே வேலையை ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பு, மத்தியானம் லேசான புளிப்பு, சாயங்காலம் காட்டம், மறுநாள் காடி. பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். நுரையில் மிதக்கும் எறும்பை ஊதி ஒதுக்கிவிட்டு இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பட்டையைக் கீழே வைத்தால் சாய்ந்துவிடும், எனவே காலி செய்த பிறகுதான் அரசியல் பேச முடியும்.

1914-ல் பாம்பன் பாலம் வந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இர்வின், கோஷன் என்று துரைமார் பெயர் வைத்த கப்பலுக்கு மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குப் போகலாம். ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 காந்தி ஜெயந்தியன்று மாகாணம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து தனுஷ்கோடி சுத்த சைவம். கப்பல் போய்ச் சேரும் கரையிலோ சாராயம் சட்டப்படி விற்றது. சுங்க அதிகாரிகள் திரும்பி வருகிறவர்களின் பெட்டியைக் குடையலாம், வயிற்றைக் குடைய முடியுமா? 1964 டிசம்பரில் புயல் வந்து ரயில், துறைமுகம், சுங்கச் சாவடி எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1971-ல் இரண்டு சங்கதிகள் நடந்தன. அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்து மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்து நான்கு இங்கிலாந்துக்காரர்கள் சபதம் எடுத்தார்கள்: பீப்பாயிலேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கிற ‘ரியல் ஏல்’தான் பீர், வாயு ஏற்றிய ஆலைச் சரக்கு பீரே அல்ல. அந்த இயக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே ஆண்டு கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளிவைத்தார். கள்ளுக்கடை திறந்தது, 1973-ல் மூடியது. எம்.ஜி.ஆர். 1981-ல் திறந்தார், 1987 ஜனவரி முதல் தேதி அவரே மூடினார். பனையேறி ஏறி இறங்கியதைவிட அரசாங்கம் அதிகம் ஏறி இறங்கியிருக்கிறது.

கடைசியில் ஜெயித்தது ஆலைச் சரக்கு. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அதை நடத்தும் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சட்டத்தின் பெயர் இன்னமும் மதுவிலக்குச் சட்டம், 1937. பனையோ நம் மாநில மரம். மரத்துக்கு மரியாதை உண்டு, அதன் கள்ளுக்குத்தான் கைது.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கேயும் யாழ்ப்பாணத்திலும் அதே பனை, அதே கலயம். கள் இறக்குகிறவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, விற்கத் தவறணை இருக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடைச் சாப்பாட்டுக்கு என்றே ஆட்கள் கார் ஏறிப் போகிறார்கள்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியில் பதநீர் கிடைத்தால் விடிகாலையிலேயே, நின்ற இடத்திலேயே குடித்துவிடுங்கள். பாட்டிலில் வாங்கி மூடி, வெயிலில் காரில் வைத்துச் சாயங்காலம் வரை சுற்றாதீர்கள். சுண்ணாம்பு கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால், ராமநாதபுரம் தாண்டும்போது உங்கள் காரில் இருப்பது பதநீர் அல்ல, வழக்கு.