ஏரி வற்றினால்தான் சீசன்

எங்கள் அணிக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது உத்திரமேரூர் ஏரி. நவரை நெல்லுக்கு விட்டது போக மிச்சத் தண்ணீரையும் வெயில் குடித்து, பங்குனிக் கடைசியில் ஏரியின் அடிவயிறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் கொஞ்சம் சமமான இடமாகப் பார்த்து, மாடு போட்ட சாணியைத் தள்ளிவிட்டு, மூன்று கருவேலங்குச்சிகளை நட்டால் சீசன் தொடங்கியது என்று அர்த்தம். கோடை மழை பலமாக ஒன்று பெய்தால் முடிந்தது என்று அர்த்தம். ஒரு வருஷம் பதினெட்டு நாள் ஆடினோம். இன்னொரு வருஷம் ஏரி வற்றவே இல்லை. விவசாயிகள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நாங்கள் கரையில் உட்கார்ந்து தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் அணிக்குச் சீசன் மார்ச்சில் தொடங்கும் என்று பிப்ரவரியிலேயே செல்போன் சொல்லிவிடுகிறது. ஏரியில் தண்ணீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எங்கள் அணி இப்போது மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சேப்பாக்கத்தில் ஆடுகிறது.

அன்றைக்கு ஆள் பிரிப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். உத்தி பிரிப்போம். இரண்டு தலைவர்கள் தள்ளி நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு கரைப்பக்கம் ஒதுங்கி, ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “ஏரோப்பிளேன் வேணுமா, எக்ஸ்பிரஸ் ரயில் வேணுமா?” தலைவன் ஏரோப்பிளேன் என்பான். ஏரோப்பிளேனாக வந்தது என்னைப்போல் கண்ணாடி போட்ட சோப்ளாங்கியாக இருந்தால் அவன் தலையெழுத்து. 1983க்குப் பிறகு ஏரோப்பிளேன் போய், “கபில்தேவா, கவாஸ்கரா?” என்று மாறியது. நான் பலமுறை கபில்தேவாகப் போய் பலரை ஏமாற்றியிருக்கிறேன். திருட்டும் உண்டு. நல்ல ஆட்டக்காரன் காதைச் சொறிந்தால் ‘முதல் பெயர்’, மூக்கைச் சொறிந்தால் ‘இரண்டாவது பெயர்’. சொறிகிறவர்கள் அதிகமாகிப்போய், பேசும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டமே கொண்டுவந்தோம்.

ஒன்பதாவது படிக்கும்போது சமூக அறிவியல் வாத்தியார் எங்களை வரிசையாக வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போய், சுவரில் இருக்கும் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைக் காட்டினார். வருஷம் 919, 921. ஊரை முப்பது குடும்பாகப் பிரிப்பது, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவது, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். விரலை மடக்கினால் ஏற்கெனவே ஒளித்து வைத்த ஓலை உள்ளே இருக்கலாம் அல்லவா? எங்கள் ஊர்க்காரர்கள் காதைச் சொறிவார்கள் என்பது சோழர் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. பின்வரிசையில் ஒருவன் “சார், இது உத்தி சார்” என்றான். வாத்தியார் தலையில் குட்டினார். அவன் சொன்னது சரி என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

ஏலம் என்ற சொல்லும் எங்களுக்குப் புதிதல்ல. ஏரி மீன் ஏலம், கரையோரப் புளியமர ஏலம், சாலையோரக் கருவேல மர ஏலம். 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் தோனியை ஏலம் விட்டு, சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு, அதாவது ஆறு கோடி ரூபாய்க்கு எடுத்தது என்று தொலைக்காட்சியில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “மீனுன்னா தராசுல போட்டுட்டுத்தான் ஏலம் கூவுவான். இந்தப் புள்ளைய இன்னா எடை போட்டாங்களாம்?” என்றார். அந்த அணியையே அதற்கு ஒரு மாதம் முன்பு இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்திருந்தது. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. சாப்பாடு இறங்காது.

ஆனால் அதே அப்பா அந்த ஜூன் 1 இரவு இறுதிப்போட்டியில் கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் தோற்றபோது, “நம்ம பசங்க விட்டுட்டானுங்களே” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நம்ம பசங்க! ஜார்க்கண்ட், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் நூறு நாளில் எங்கள் தெருவுக்கு உறவாகிவிட்டிருந்தது. 1988இல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அது செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் வந்த செய்தி. அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் நம்மூர் பாஷை பேசுகிறவர்கள். அதற்காக யாரும் துண்டை உதறவில்லை.

பிறகு 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகள். நடுவில் சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு போட்ட இரண்டு வருஷத் தடை. எங்கள் கல்வெட்டில் ஒரு விதி உண்டு: வாரியத்தில், அதாவது ஊர்ச் சபைக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமல்ல, மாமன், மைத்துனன், மருமகன் என்று சொந்தக்காரர்கள் பெயரையும் போடக்கூடாது. மருமகன் என்ற இடத்தில் சென்னை அணி ரசிகர்கள் இருமிக்கொள்ளலாம்.

சொல்ல வந்தது 2025 சீசனைப் பற்றி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் சுவரை அடைத்தாற்போல் டி.வி. மார்ச் 23 மும்பையை வென்றதும் கடைக்காரர் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். அந்தச் சீசனில் அவர் கொடுத்த கடைசிச் சுண்டல் அது. 28ஆம் தேதி பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் எங்கள் அணியை 2008க்குப் பிறகு முதல்முறையாக ஜெயித்தது. அன்று தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஊரே கொதித்தது. எனக்கு மட்டும் ஒரு சின்னப் பெருமை. ஏரி அணியில் ஒன்பதாவது இடம் நிரந்தரமாக என்னுடையது. கார்க் பந்து வாங்க இரண்டு ரூபாய் கொடுத்தவன் என்ற தகுதியில்.

அடுத்து டெல்லி 2010க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் எங்களை ஜெயித்தது. ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு, மறுபடி தோனி தலைவர். ஏப்ரல் 11, கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. அவர்கள் பதினோராவது ஓவரின் முதல் பந்தில் கணக்கை முடித்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் ஒருவர் கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தே, பதிமூணு ரூவா டீக்குக் கூடத் தாங்கலயே” என்றார். பிறகு ஹைதராபாத், அது போய்ப் பஞ்சாப். சொந்த மைதானத்தில் வரிசையாக ஐந்து தோல்வி. தொடர் முடிந்தபோது பதினான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி, பத்து அணிகளில் பத்தாவது இடம். சென்னை அணி கடைசியில் நின்றது அதுதான் முதல்முறை. நடுவில் போர்ப் பதற்றத்தால் ஒருவாரம் தொடரை நிறுத்தியபோது, அப்படியே விட்டுவிட்டால் மானம் தப்பும் என்று கடைக்காரர் வெளிப்படையாகவே சொன்னார்.

குறை சொல்வதற்கு வயதுதான் வசதியாகக் கிடைத்தது. நாற்பத்து மூன்று வயதில் இன்னும் ஏன் என்றார்கள். 921 கல்வெட்டுப்படி ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தால் தோனி பிழைத்திருப்பார்: முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். பதினேழு வயதில் வந்து விளாசிய ஆயுஷ் மாத்ரேயின் பெயர்தான் குடத்துக்குள் போயிருக்காது. ஆனால் முந்தின மூன்று வருஷம் வாரியத்தில் இருந்தவன் கூடாது என்று இன்னொரு விதியும் இருக்கிறதே. அதில் தோனியும் அடிபட்டிருப்பார். கடைசியில் பராந்தகன் அணியில் யார்தான் ஆடுவது? சொந்த மனையில் வீடும், வரி கட்டுகிற கால்வேலிக்கு மேல் நிலமும், வேதப் படிப்பும் உள்ளவர்கள். அதையும் கல்வெட்டே சொல்கிறது.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் எங்கள் ஊர்க் கல்வெட்டைச் சொன்னார். அன்றுமுதல் வருகிறவர்கள் எல்லோரும் கோயில் வாசலில் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். நானும் உறவினர்களைக் கூட்டிப்போய் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவேன். கால்வேலி நிலத்தைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

உத்தி பிரித்த கதையையும் அப்படித்தான் இதுவரை பாதியாகச் சொல்லி வந்திருக்கிறேன். தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் பெயர் வைத்துக்கொண்டது ஊர்ப் பையன்கள் மட்டும். காலனிப் பையன்கள் அதே ஏரியில், கலங்கல் பக்கம், தனியாக ஆடினார்கள். தோளில் கை போடுவது எப்படி என்ற கேள்வியே வராதபடி இடம் பிரிந்திருந்தது. வந்தவாசிப் பக்கத்து அணி ஒன்றோடு பெட் மேட்ச் வந்தால் மட்டும், கலங்கல் பக்கம் ஆள் அனுப்புவோம். அங்கே ஓர் இடதுகைக்காரன் இருந்தான். எங்கள் பவுலர்களில் பாதிப்பேர் மாங்கா. அவனுடைய கை மட்டும் கடிகார முள் மாதிரி நேராகச் சுற்றி வரும். வெடித்த மண்ணில் குத்தி உள்ளே வரும் பந்தை வந்தவாசிக்காரர்கள் பார்த்ததே இல்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவன். நான் அவனை “டேய்” என்பேன். அவன் என்னை “அண்ணே” என்பான்.

1988 மே மாதம் இருபத்தொரு ரூபாய் பெட் மேட்சில் ஆறு விக்கெட் எடுத்தான். பணம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் டீ. எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். அவன் கடைக்கு வெளியே நின்று, கூரை மூங்கிலில் செருகியிருந்த ஓர் அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டினான். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய டம்ளர். மாஸ்டர் கெட்டிலைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார். குடித்துவிட்டு, தொட்டிப் பக்கம் போகாமல், வாசலில் இருந்த பானைத் தண்ணீரில் அவனே கழுவி, திரும்ப அதே இடத்தில் செருகினான். நாங்கள் ஆறாவது விக்கெட் எப்படி விழுந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னால் பிரீமியர் லீக் என்று போட்டு ஒரு தொடர் நடத்தினார்கள். உத்தி இல்லை, ஏலம். கல்யாண மண்டபத்தில் ஃபிளெக்ஸ் பேனர், ஆறு அணி, ஆறு ஓனர்கள்: உரக்கடைக்காரர், ஜே.சி.பி. வைத்திருப்பவர், மனைத் தரகர், இப்படி. ஓனருக்குப் பத்தாயிரம் பாயிண்ட். அடிப்படை விலை இருநூறு. ஏலம் கூவியது என் சித்தப்பா மகன். வருஷா வருஷம் ஏரி மீன் ஏலத்துக்குக் கூவுகிற அதே குரல்: “ஒருதரம்… ரெண்டுதரம்…” பெரியவர்கள் பிரிவில் ஆசைக்கு என் பெயரையும் கொடுத்திருந்தேன். முதல் சுற்றில் என் பெயரைப் படித்ததும் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. “அன்சோல்டு” என்று சொல்லிவிட்டு, “அண்ணே, அடுத்த ரவுண்டுல மறுபடி கொண்டாரேன்” என்று மைக்கிலேயே ஆறுதலும் சொன்னான்.

அடுத்து ஓர் இடதுகைப் பந்துவீச்சாளன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. உரக்கடைக்காரர் எழுந்து, “ஞாயித்துக்கெழம ஷிப்டு போடுவானா?” என்று கேட்டார். இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையைத் தூக்கினார். ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம். ஜே.சி.பி.காரர் விடவில்லை. மூவாயிரத்து நானூறில் உரக்கடைக்காரருக்கு முடிந்தது. அன்றைய ஏலத்திலேயே அதுதான் பெரிய தொகை. பையன் மேடையேறிக் கை குலுக்கினான். ஓனர் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

வாசலில் செருப்புகள் கிடந்த இடத்தில் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரை. உள்ளே இருபது நாற்காலி காலி. நான் எழுந்து போனேன். வா என்பதா, வாங்க என்பதா என்று ஒரு கணம் நாக்கு தடுமாறியது. “உள்ள வாங்க, உக்காருங்க” என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இருக்கட்டும். நின்னா நல்லாத் தெரியுது” என்றார். பிறகு, “மூவாயிரத்து நானூறுன்றாங்களே, பாயிண்டு. அத்த எந்தக் கடையில மாத்தறது?”

உள்ளே மைக்கில் இரண்டாவது முறையாக என் பெயரைக் கூவத் தொடங்கியிருந்தார்கள். ஒருதரம்.