பிடி அரிசி, பிடி புல்

கே: மிஷனெரி என்றதும் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்தான் கண்முன் வருகிறார். எனக்கு மட்டும்தான் இப்படியா?
— வாசகர், தூத்துக்குடி

ப: உங்களுக்கு மட்டுமில்லை, பாதி ஊருக்கு அப்படித்தான். ஆனால் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிவிட்டது. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. அடுத்த ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் ராஜ்ஜியத்துத் தோர்ணக்கலுக்கு மூட்டை கட்டிவிட்டார். படத்திலிருந்து தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

கே: தோர்ணக்கலில் திருநெல்வேலித் தமிழ் எடுபட்டதா?
— வாசகி, நாசரேத்

ப: 'ஏலே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே யாரிருக்கிறார்கள்? வாரங்கல் பக்கத்துத் தெலுங்குச் சீமை அது. பாடம் சொல்லப் போனவர் முதலில் தெலுங்கு அரிச்சுவடியோடு உட்கார வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் எல்லோருக்கும் இப்படி ஒரு தண்டனை கொடுத்து அனுப்பினால் உலகத்தில் பாதிச் சண்டை குறையும்.

கே: கப்பலில் வந்தவர்களுக்கு லண்டன் பணம் அனுப்பியது. நம்மவர்களுக்கு யார் அனுப்பினார்கள்?
— வாசகர், மெஞ்ஞானபுரம்

ப: உங்கள் ஊர்ப் பாட்டிமார்தான். உலை வைக்கும்போது வீட்டுக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அதோடு பண்டிகை ஏலம் வேறு. காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஒருவர் பத்து மடங்கு விலைக்கு எடுப்பார். எடுத்த கையோடு திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம் போகும். குழம்புக்கு ஆகாமலேயே இவ்வளவு சம்பாதித்த காய் உலகத்தில் வேறு கிடையாது.

கே: பாளையங்கோட்டையின் முதல் கோயிலைக் கட்டியது மிஷன் சங்கமா, கும்பினி சர்க்காரா?
— வாசகி, வண்ணார்பேட்டை

ப: ஒரு விதவை. பெயர் கிளாரிந்தாள், பிராமணப் பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த காலத்தில் கிளாரிந்தாள் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். மறுக்கப்பட்டவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. முன்நின்று கோயில் கட்டினார். 1785-ல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவரும் அதே சுவார்ட்ஸ்தான். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர் இன்றும் சொல்கிறது. சங்கங்கள் பிறகுதான் வந்தன.

கே: ரேனியஸ் ஐயரை ஏன் வேலையிலிருந்து நீக்கினார்கள்?
— வாசகர், டோனாவூர்

ப: 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார், ஊர் ஊராகச் சபைகள் வைத்தார். அதற்காக யாரும் நீக்கவில்லை. ஜெர்மானிய லுத்தரன் அவர், சம்பளம் கொடுத்ததோ ஆங்கிலிக்கன் சங்கம். அத்தியட்சர் இல்லாமலே உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார், ஆங்கிலிக்கன் முறைகளை விமர்சித்து எழுதவும் செய்தார். 1835-ல் உறவு அறுந்தது. 1838-ல் இங்கேயே இறந்து, பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அடக்கமானார். சபையில் பணமில்லாமல் காலம் தள்ளலாம், வழிபாட்டு முறையில் கைவைத்துவிட்டுத் தள்ள முடியாது.

கே: ஆப்பிரிக்க மசாய் மக்களிடம் போன பாதிரியார் ஒருவரைப் பற்றிப் படித்தேன். நம்மூருக்கு அதில் என்ன இருக்கிறது?
— வாசகி, அம்பாசமுத்திரம்

ப: வின்சென்ட் டோனவனைச் சொல்கிறீர்கள். அமெரிக்கக் கத்தோலிக்கர். 1960-களில் தான்சானியாவின் லொலியோண்டோ மிஷனில் பள்ளி இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. மாடு மேய்க்கும் மசாய்கள் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டார்கள், விசுவாசத்தைப் பற்றி மட்டும் பேச்சே நடக்கவில்லை. கட்டடத்தை விட்டுவிட்டு அவர்கள் குடியிருப்புகளுக்கே போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினார். தாம் கற்றுக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதைத்தான் பிறகு எழுதினார். மசாய்களுக்குப் புல் சமாதானத்தின் அடையாளம். ஒரு பிடி புல்லை நீட்டினால் பகை இல்லை என்று பொருள். அதை அவர்கள் ஆராதனைக்குள்ளும் கொண்டுவந்தார்கள். அங்கே பிடி புல், இங்கே பிடி அரிசி. இரண்டுமே மேல்நாட்டு மிஷனெரியின் பெட்டியில் வந்து இறங்கியவை அல்ல.

கே: உள்ளதைச் சொல்லுங்கள். வேதம் வந்தது, சாதி போனதா?
— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

ப: பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. தம்மிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று ரேனியஸ் பிடிவாதம் பிடித்தார். அவர் போய் ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. பந்தி ஒருவழியாக ஒன்றாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையையும் சபைத் தேர்தலையும் வைத்துப் பார்த்தால், அவர் இன்னும் ஒரு நூறு ஆண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கே: பேராயர் அசரியா 1910-ல் வெள்ளைக்காரர்களை அவர்கள் ஊரிலேயே கேள்வி கேட்டாராமே?
— வாசகர், வெள்ளாளன்விளை

ப: உங்கள் ஊர்க்காரர்தானே, 1874-ல் அங்கே பிறந்தவர்! எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அவர் சொன்னதன் சாரம் இது: எங்களுக்காக நீங்கள் செய்த தியாகமெல்லாம் பெரிதுதான், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துங்கள். சபையில் பலர் முகம் சுளித்தார்கள். 1912-ல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தோர்ணக்கலில் அமர்ந்தார். இப்போது கேள்வி அவர் பக்கம் திரும்பிவிட்டது. கொடுக்கும் கை அவருடையது, வாங்குபவர் தெலுங்கு ஏழை. அவர் பதில் தோர்ணக்கல் பேராலயத்தில் தெரிகிறது. 1939-ல் பிரதிஷ்டையான அந்தக் கோயிலில் கும்மட்டமும் மினார் போன்ற கோபுரங்களும் இந்துக் கோவில் மண்டபத்துத் தூண்களும் சேர்ந்து நிற்கின்றன. நம் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்தை அங்கே கொண்டுபோய் நடவில்லை. நமக்கு யாராவது செய்தால் வலிக்கிற காரியத்தை இன்னொருவருக்குச் செய்யாமல் விடுவது சின்ன விஷயமில்லை.

கே: மிஷனெரியாக என்ன தகுதி வேண்டும்?
— கல்லூரி மாணவர், சாயர்புரம்

ப: அடுத்த வீட்டுக் கஞ்சியைக் குறை சொல்லாமல் குடிக்கிற வயிறு. குடித்த பிறகு, 'எங்க ஊர்ல இப்படி வைக்க மாட்டாவ' என்று சொல்லாத வாய்.

கே: எங்கள் சேகரம் ஆண்டுதோறும் வடநாட்டு ஊழியத்துக்குப் பணம் அனுப்புகிறது. கடமை முடிந்ததுதானே?
— வாசகர், சாத்தான்குளம்

ப: ரசீது வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. கடமை முடிய இன்னும் ஒரு செலவு பாக்கி. அந்த ஊர்க்காரர் ஒருவரை உங்கள் அசனப் பண்டிகைக்கு அழையுங்கள். வந்தவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடவிடுங்கள். சோறு எப்படி என்று கேளுங்கள். உப்பு கூட என்று அவர் தயங்காமல் சொன்னால், அசரியா கேட்ட நட்பு உங்கள் சேகரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.