நெகிழ்வு யார் கையில்?

கேள்வி: நேர நெகிழ்வு வேண்டும் என்று கேட்கும் தொழிலாளர்கள், 2023-இல் தமிழகச் சட்டமன்றமே அதைக் கொடுத்தபோது எதிர்த்தது ஏன்? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: கேட்டது வேறு, கிடைத்தது வேறு. ஏப்ரல் 21-இல் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா, 1948 சட்டத்தின் 9 மணி நேர வரம்பைத் தளர்த்தி 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. வாரத்துக்கு அதே 48 மணிதான், நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுப்பு என்றது அரசு. கணக்கு சரி. ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறித் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகிற தாய், விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்பும் அந்த நாலு நாளும் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? விருப்பமுள்ளவர் மட்டும் செய்யட்டுமே என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளி 'விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு வேலையில் நீடிக்க முடியுமா? தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது. மே 1 அன்று மசோதா வாபஸ் என முதல்வர் அறிவித்தார்.

அப்படியானால் தொழிலாளர் கேட்கும் நெகிழ்வு எது? ஷிப்டு ஆலையில் நெகிழ்வே சாத்தியமில்லை என்பது பாதி உண்மை. உலையை நிறுத்த முடியாதுதான். ஆனால் ஷிப்டுப் பட்டியலை முன்கூட்டியே ஒட்டலாம், சக தொழிலாளியோடு ஷிப்டு மாற்றிக்கொள்ள விடலாம், காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் தாமதமாக வருபவரின் அரை நாள் சம்பளத்தை வெட்டாமல் இருக்கலாம்.