பூரானுக்குப் போட்ட விருந்து

வாடா பேராண்டி, உக்காரு. மாடித் தொட்டி நெறைஞ்சா கூவுற டப்பா ஒண்ணு செஞ்சிருக்கியாமே, உங்க ஆத்தா தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றா. நானும் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு உள்ள எட்டிப் பாத்தேன். நாலு புது பேட்டரி வரிசையா நிக்குது. மீட்டரை வெச்சா 6.4 வோல்ட்! நடுவுல உக்காந்திருக்கிறது யாருன்னு பாத்தா, ஆர்டுயினோவுல வர்ற அதே ஏடிமெகா 328. அதுக்கு எழுதி வெச்ச சாப்பாடு 5.5 வரைக்கும்தான். தாராள மனசுடா உனக்கு. எனக்குக் காபி கேட்டா முக்கா டம்ளர் கொண்டாந்து வைக்கிறவன், சிப்புக்கு மட்டும் தலை வாழை இலை போட்டிருக்க.

"ஓடுதே தாத்தா"ங்கிற. ஓடும்டா, ஏன் ஓடாது? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நாப்பது வருசம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பாத்தவன் நான். என் கடைக்கு வந்ததெல்லாம் முந்தின நாள் வரைக்கும் ஓடினதுதான்.

உனக்கு இந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். போன மாசம் ஒரு 555 ஐசியை 12 வோல்ட்டுல ஓட்டினே. அது கம்முனு ஓடுச்சு. அது எருமைடா! 4.5-லேருந்து 16 வரைக்கும் எதைப் போட்டாலும் அசை போடும். அதுக்கு எட்டுக் காலு, இதுக்கு இருபத்தெட்டுக் காலு. ரெண்டும் கறுப்புங்கிறதால எட்டுக்கால் பூச்சிக்குப் போட்டதையே பூரானுக்கும் போட்டுட்டே.

டேட்டா ஷீட்டுல 6.0-ன்னு இன்னொரு வரி இருக்குன்னு சொல்லுவ. ஆமா, அப்சல்யூட் மேக்ஸிமம். கெணத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியிருக்காங்களே, அது மேல பாய் விரிச்சுப் படுத்துக்கன்னா கட்டினாங்க? அதுக்கு மேல போனா சிப்பு செத்தாலும் நாங்க பொறுப்பில்லைன்னு கம்பெனிக்காரன் கையக் கழுவின இடம் அது. நீதான் சூரனாச்சே, சுவரையும் தாண்டி உள்ள காலைத் தொங்கப் போட்டுட்டே.

சரி, வாய்ப்பாடு சொல்லு பாப்போம். அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, ஆறாறு முப்பத்தாறு. அஞ்சு வோல்ட்டை ஆறாக்கினா ஒரு வோல்ட்டுதானே கூடுதுன்னு நீ நினைக்கிற. சிப்பு திங்கிற பவர் அந்த வாய்ப்பாட்டுப்படி, 25-லேருந்து 36-க்கு ஏறும். அதே வேகத்துல ஓடினாலும் கிட்டத்தட்ட 44 சதம் கூட. அத்தனையும் சூடு. இந்தச் சின்ன டப்பாவுல அது பெருசா தெரியாது. ஆனா உன் கம்ப்யூட்டர்ல தெரியும். அடுத்து அதுக்கும் வோல்ட் ஏத்தப் போறியாமே, கேம் பறக்கணும்னு?

ஏத்தினா வேகம் வரும், இல்லைங்கலை. ஆனா அங்க சுவரு எவ்வளவு கனம்னு தெரியுமா? 2004-ல வந்த பென்டியம் 4-ல, டிரான்சிஸ்டரோட கேட்டுக்கு அடியில போட்ட காப்பு 1.2 நானோமீட்டர். அஞ்சு அணுவை அடுக்கினா முடிஞ்சுபோச்சு. அதுல 1.2 வோல்ட் நின்னா, சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் கணக்கு ஆவுது. காத்தே சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட்டுல கிழிஞ்சு பொறி பறக்கும். அப்படி இழுத்துக் கட்டின தோல்ல, "இன்னும் கொஞ்சூண்டு"ன்னு நீ விரலை வெச்சு அமுக்கப் போற.

அது உடனே கிழியாதுங்கிறதுதான் வேடிக்கை. உள்ள ஓடுற உலோகக் கம்பி இருக்கே, அதுல கரண்டு கூடினா வாய்க்கா தண்ணி கரையை அரிக்கிற மாதிரி அணுவை ஒவ்வொண்ணாத் தள்ளிட்டுப் போயிரும். ஓரிடத்துல பள்ளம், இன்னோரிடத்துல மேடு. 1969-லயே பிளாக்குனு ஒருத்தர் கணக்குப் போட்டு வெச்சிருக்காரு: கரண்டோட நெருக்கம் ரெட்டிப்பானா கம்பியோட ஆயுசு நாலுல ஒண்ணு. சூடும் சேந்தா அதுவும் மிஞ்சாது.

இந்த வித்தையில சிப்பு செஞ்சவங்களே வழுக்கி விழுந்திருக்காங்க. 2024-ல இன்டெல்லோட 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸருங்க திடீர் திடீர்னு நின்னுபோச்சு. தோண்டிப் பாத்தா, உள்ள இருக்கிற மைக்ரோகோடே தேவைக்கு மேல வோல்ட் கேட்டு வாங்கித் தின்னிருக்கு. ஆகஸ்டுல ஒரு திருத்தம் விட்டாங்க: 1.55-க்கு மேல கேக்கப்படாது. வாரன்ட்டியை ரெண்டு வருசம் நீட்டினாங்க. ஆனா அதுக்குள்ள கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் மீட்டுத் தரல. என் டார்ச்சு லைட்டுல கிடக்கிற பேட்டரி 1.5 வோல்ட்டுடா. அதுக்கும் இதுக்கும் ஒரு நூலிழைதான் வித்தியாசம்.

அதனால நீ நிறுத்திராத. நல்லா ஏத்து. ஏழு வை, எட்டு வை. மத்தியான வெயில்ல தொட்டி காலியா இருக்கும்போது நெறைஞ்சிருச்சுன்னு கூவும். ராத்திரி வழிஞ்சு ஓடும்போது கம்முனு இருக்கும். கேட்டா புரோகிராம்ல தப்புன்னு விடிய விடியத் தேடு. அப்புறம், சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உன் மச்சானுக்கு வித்துரு. சொந்தத்துக்குள்ள வியாபாரம் வெச்சுக்கிட்டாத்தான் பொங்கலுக்குப் பொங்கல் சண்டை போட ஆளு கிடைக்கும்.

என்ன முழிக்கிற? நேத்து நீ தூங்கினப்புறம் பேட்டரி வயர்ல ரெண்டு 4007 டையோடை ஒண்ணு பின்னால ஒண்ணா வெச்சு ஈயம் பத்தவெச்சுட்டேன். அது ஒண்ணொண்ணும் முக்கா வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைச்சலா வழியிலயே முழுங்கிரும். இப்ப சிப்புக்கிட்ட 5.1 காட்டுது. பழைய பூரானையும் மாத்திட்டேன், அது உன் மேசை டிராயர்ல கிடக்கு. புதுசுக்கான காசு உங்க அப்பன் சட்டைப் பையிலேருந்து எடுத்தது. கேட்டா நீதான் எடுத்தேன்னு சொல்லிரு.