ஒதுங்கல் இயல்

ஓர் ஓசைக்காக இன்னோர் ஓசை தாழ்ந்து கொடுப்பது ஒதுங்கல். ஸ்டுடியோக்காரர் இதனைச் சைடுசெயின் என்ப. தேனி, கம்பம் வட்டார வழக்கு நோக்கி அதன் வகைகளை ஈண்டு உரைப்பாம்.

முதற்கண் கருவி. சாதாரண கம்ப்ரசர் தன்னிடம் வரும் ஓசையைத் தானே அளந்து, குறித்த மட்டம் தாண்டினால் அமுக்கும். பெரியாறு அணையில் 142 அடி எட்டினால் அங்கேயே ஷட்டரைத் திறப்பது அவ்வகை. சைடுசெயினோ 71 அடி வைகை அணை நிரம்பியதைப் பார்த்துப் பெரியாற்று ஷட்டரைத் திறந்து தண்ணீரைக் கேரளத்துக்கு விடுவது. அளக்கும் இடம் ஒன்று, அடக்கும் இடம் வேறு. (ஐந்து மாவட்ட விவசாயிகள் ஒப்பமாட்டார்கள். கணினி ஒப்பும்.)

முதல் வகை, குரலுக்கு ஒதுங்கல். பேச்சு வந்தால் பாட்டு தணியும், நின்றால் ஏறும். கொடைக்கானல் பண்பலையை 100.5இல் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. இது பிளக்இன் என்னும் கணினி மென்பொருளால் ஒதுங்கல், கையால் ஒதுங்கல் என இரண்டாம். கையால் ஒதுங்கலில் தலையாயவர் கல்யாண வீட்டு ரேடியோ செட்காரர். தாய்மாமன் செய்முறையை அறிவிக்க மைக்கை நெருங்குபவர் தொண்டையைச் செருமும்போதே இவர் விரல் வால்யூமைத் திருகிவிடும். லுக்அஹெட் என்று சில மில்லிசெகண்டு முன்னறிவைப் பெற, பிளக்இன் பாட்டையே தாமதப்படுத்த வேண்டியிருக்கிறது. இவருக்கு ஒரு செருமல் போதும். மொய்த்தொகை நூற்றொன்று என்றால் பாட்டு பாதி தாழும். பவுன் கணக்கென்றால் முற்றும் அடங்கும். இதனை ரேஷியோ என்க.

இரண்டாவது, அடிக்கு ஒதுங்கல். கிக் டிரம்மும் பேஸும் ஏறக்குறைய 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்ளும். கிக் விழும் கணத்தில் பேஸ் விலகி, அடுத்த அடிக்குள் திரும்ப வேண்டும். டெம்போ 120 என்றால் அடிக்கு அடி 500 மில்லிசெகண்டுதான். ரிலீஸ் எனப்படும் அந்தத் திரும்பும் நேரம் நீண்டால் பாட்டு முழுவதும் மூச்சிரைக்கும். இக்குற்றத்தையே அணியாக்கிக்கொண்டார் டிஜே எரிக் பிரைட்ஸ்; 2004இல் வந்த 'கால் ஆன் மீ' பாட்டு அதற்குச் சான்று. அவருக்கு அது தகும். பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டில் கிக்கை ஏற்றித் திருவிழாவுக்கு ரீமிக்ஸ் செய்யும் தம்பிமார்க்குத் தகாது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அதை உதைக்கு உதை வாய்பொத்துவது பெருங்குற்றம் என்பது எம் துணிபு.

மூன்றாவது, பேயடிக்கு ஒதுங்கல். அடி பிளக்இன்னுக்கு மட்டும் கேட்கும், நமக்குக் கேளாது. எல்எஃப்ஓ டூல் போன்ற பிளக்இன்கள் பெரும்பாலும் அதுவும் கேளாமல், டெம்போவை நம்பியே குனிந்து நிமிரும். இவற்றையும் ஒதுங்கலில் அடக்குவாருளர், யாம் அடக்கோம்.

புறனடை: நையாண்டி மேளத்தில் ஒதுங்கல் இல்லை. நாகசுரம், தவில், பம்பை, உறுமி ஒன்றும் ஒன்றுக்கு இடம்விடா. செல்போன் வீடியோவில் தவில் விழும் இடமெல்லாம் நாகசுரம் பம்முகிறதே எனின், அது கலைஞர் செயலன்று, செல்போனின் பயம். மேளம் பந்தலுக்குள் நுழைந்துவிட்டால் ரேடியோ செட்காரர் வால்யூமைத் திருகிப் பார்ப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு டீக்குப் போய்விடுவார்.