எருமைக்கு ஹார்ன் அடித்தால்

ஒயிட்ஹார்ஸ், யூகான், கனடா

அன்புள்ள அத்தானுக்கு,

"உங்க ஊர் ரோடு எப்படிடா?" என்று போனில் கேட்டீர்கள். காலமெல்லாம் பாபநாசம் ரூட்டில் ஸ்டியரிங் பிடித்தவருக்கு விவரமாகத்தானே எழுத வேண்டும்?

எங்கள் அலாஸ்கா ஹைவே டாசன் கிரீக் என்ற ஊரில் கிளம்பி, யூகான் வழியாக அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் போய்ச் சேர்கிறது. சுமார் 2,200 கிலோமீட்டர். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் அமெரிக்க ராணுவம் 1942 மார்ச்சில் காட்டை வெட்ட ஆரம்பித்து, அக்டோபரிலேயே பாதையை இணைத்துவிட்டதாம். நம்மூர் மேம்பாலத்துக்குப் பூஜை போட்டது எப்போது என்று நான் கேட்கவில்லை.

லியார்டு ஆற்றுப் பக்கம் காட்டெருமைக் கூட்டம் நடுரோட்டில் நிற்கும். ஹார்ன் அடித்தால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். எருமைக்கு எந்த நாட்டிலும் ஒரே குணம். மன்சோ ஏரிக்கரையிலோ, மலை ஆடுகள் ரோட்டோரத்து உப்பை நக்கிக்கொண்டு நிற்கும். அவை நக்கி முடிக்கும்வரை நாம் ஏரியின் பச்சை நீலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

குளூவானி ஏரியைத் தாண்டினால் பூமிக்கடியில் உறைந்த மண். அது உருகி இறங்கும் இடமெல்லாம் ரோடு அலை அலையாகிவிடும்; பின்சீட்டுக்காரர் தலை கூரையில் இடிக்கும். செப்பனிடச் செப்பனிட உருகுகிறது. காண்டிராக்டரைத் திட்ட வழியில்லாத ரோடு!

குளிர் மைனஸ் 40 வரை போகும். காரின் மூக்கில் ஒரு பிளக் வயர் தொங்கும். ராத்திரி கரண்ட்டில் சொருகி இன்ஜினைச் சூடாக வைக்காவிட்டால், காலையில் வண்டி இருமக்கூட இருமாது.

வாட்சன் லேக்கில் ஒரு வேடிக்கை. 1942-ல் காயம்பட்ட கார்ல் லின்ட்லி என்ற சிப்பாய்க்குக் கைகாட்டியைச் சரிசெய்யும் லேசான வேலை கொடுத்தார்கள். ஊர் ஏக்கத்தில் அவர் தன் சொந்த ஊரான டேன்விலுக்கும் ஒரு பலகை அடித்துவிட்டார். வழிப்போக்கர்களும் ஆளுக்கொன்று அடிக்க, இன்று 80,000-க்கு மேல் பலகைகள்!

நம் பங்குக்கும் அங்கே ஒன்று அடிக்க வேண்டும். உங்கள் டிப்போவில் கழித்துப்போட்ட ரூட் போர்டு ஏதாவது கிடந்தால், 'வழி: அம்பை' என்றிருந்தால் உத்தமம், மேனேஜரிடம் கேட்டு வாங்கி அனுப்புங்கள். கேட்காமல் கழற்ற வேண்டாம். இங்கே உள்ள சில போர்டுகளை அந்தந்த ஊர் முனிசிபாலிட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கும் என்று தோன்றுகிறது.

பார்சலில் போர்டு ஆடாமலிருக்க, சுற்றிலும் அக்கா போட்ட கூழ்வற்றலை வைத்து அடைத்துவிடுங்கள். போர்டு கிடைக்காவிட்டாலும் பார்சல் வரட்டும்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்